தன்னுடல் தாக்குநோய்க்கு முழுமை நோக்குப் பராமரிப்பு: மலையக வீடுகளுக்கான படிப்படியான வழிகாட்டி

கிருமிகளிடமிருந்து உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்புத் தொகுதி உடலின் சொந்த இழையங்களையே தாக்கத் தொடங்குவதால், அதாவது வேலியே பயிரை மேய்வதால், உண்டாகும் நோய்களையே தன்னுடல் தாக்குநோய்கள் என்கிறோம். மூட்டுகளைத் தாக்கினால் முடக்குவாதம், தைரொயிட் சுரப்பியைத் தாக்கினால் ஹஷிமோட்டோ அல்லது கிரேவ்ஸ் நோய், சிறுகுடலைத் தாக்கினால் சீலியாக், தோல், மூட்டு, சிறுநீரகம் எனப் பல உறுப்புகளை ஒருங்கே தாக்கினால் லூபஸ் என்று எண்பதுக்கும் மேற்பட்ட வடிவங்கள் இவற்றுக்கு உண்டு. பாதிக்கப்படுவோரில் ஐவரில் நால்வர் பெண்கள் என்பது பொதுவான கணிப்பு. இலங்கையின் தேயிலை மலையகத்தில் அந்தப் பெண்களே விடியுமுன் சமைத்து, பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் (குழந்தைகள் காப்பகத்தில்) விட்டு, மலைக்குப் போய்க் கொழுந்து பறிக்கிறவர்கள். ஆகவே மாதக் கணக்கில் நீடிக்கும் களைப்பும் மூட்டு வலியும் வேலையின் அசதி என்றோ குளிர்வாதம் என்றோ தள்ளிப் போடப்படுகின்றன; நோய் கண்டறியப்படும்போது மூட்டுகள் உருக்குலைந்திருப்பதும் நேர்கிறது.

உடல், மனம், வாழ்முறை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் முழுமை நோக்கு மருத்துவம், செயற்பாட்டு மருத்துவம் ஆகிய பெயர்கள் இப்போது யூடியூப் வழியாக லயத்துக்கும் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கும்) வந்து சேர்ந்துவிட்டன. செயற்பாட்டு மருத்துவம் என்பது, அமெரிக்காவில் ஜெஃப்ரி பிளாண்ட் 1991 இல் நிறுவிய கழகத்தின் வழியாகப் பரவிய ஓர் அணுகுமுறை. இந்த உடலில் இந்த நோய் ஏன் இப்போது கிளம்பியது என்று கேட்டு, உணவு, குடல், உறக்கம், மன அழுத்தம், பழைய தொற்றுகள், சூழலின் நச்சுகள் ஆகியவற்றில் அது விடை தேடுகிறது. கேள்வி நல்ல கேள்விதான். அமெரிக்கப் படையினர் ஒரு கோடிப் பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2022 இல் வெளியான ஆய்வு, எப்ஸ்டீன்-பார் வைரசு தொற்றியவர்களுக்கு, மூளையையும் நரம்பையும் தாக்கும் மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் என்ற தன்னுடல் தாக்குநோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடுவதைக் காட்டியது. பரம்பரை மட்டுமே இந்நோய்களைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதைவிட வலுவான சான்று குறைவு. ஆயினும் ஒரு நோயைத் தூண்டியது எதுவென்று அறிவது வேறு, தொடங்கிவிட்ட நோயை அடக்குவது வேறு. தூண்டியதை நீக்கிவிட்டால் மருந்தே வேண்டாம் என்று சொல்பவர்கள் இந்த இரண்டையும் குழப்புகிறார்கள், அந்தக் குழப்பத்துக்கு நோயாளர் தம் சிறுநீரகத்தாலும் விரல்களாலும் விலை கொடுக்கிறார்கள். எனவே இந்த வழிகாட்டி வரிசையை வலியுறுத்துகிறது: முதலில் நோயை உறுதி செய்தல், அடுத்து மருந்தைச் சரியாகப் பிடித்துக்கொள்ளல், அதன் பிறகே உணவும் வாழ்முறையும் மூலிகையும்.

முதற்படி: நோயின் பெயரை உறுதி செய்தல்

வேலை செய்து வந்த வலிக்கும் முடக்குவாத வலிக்கும் உள்ள வேறுபாட்டைக் காலையில் கையைப் பார்த்தே ஓரளவு அறியலாம். உழைப்பால் வந்த வலி ஓய்வெடுத்தால் தணியும். முடக்குவாதம் ஓய்வுக்குப் பிறகுதான் கூடும். எழுந்து அரை மணி நேரம், ஒரு மணி நேரம் ஆன பிறகும் விரல்கள் மடங்காமல் இருப்பது, ரொட்டிக்கு மா பிசைய முடியாமல் உள்ளங்கையால் அழுத்த வேண்டியிருப்பது, பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து கொழுந்தைக் கிள்ள மறுப்பது, விரலின் அடிமூட்டுகள் இரு கைகளிலும் ஒரே மாதிரி வீங்கி வெதுவெதுப்பாக இருப்பது ஆகியவை ஆறு வாரம் நீடித்தால் அது அசதி அல்ல. முடக்குவாதத்தில் முதல் மூன்று மாதங்களுக்குள் சிகிச்சை தொடங்குவதே மூட்டைக் காப்பாற்றும் பெரும் வாய்ப்பு. கன்னங்களிலும் மூக்கின் மேலும் படரும் சிவப்பு, வெயில் பட்டால் கூடும் தடிப்பு, மீண்டும் மீண்டும் வரும் வாய்ப்புண், கொத்தாக உதிரும் முடி, நுரைக்கும் சிறுநீர் ஆகியவை லூபஸை நினைக்க வைக்க வேண்டியவை. காரணமின்றி உடல் பருத்தல், மலச்சிக்கல், எப்போதும் குளிர்தல், கழுத்து வீக்கம் ஆகியவை தைரொயிட்டைக் காட்டுகின்றன. மலைநாட்டில் எல்லோருக்குமே குளிர்கிறது என்பதால் இந்தக் கடைசிக் குறி எளிதில் தவறிப் போகிறது.

தோட்ட வைத்திய நிலையத்தில் வலிநிவாரணி மட்டும் தந்து அனுப்பினால், இரண்டாவது முறை போகும்போது பெரிய வைத்தியசாலைக்குக் கடிதம் கேளுங்கள். டிக்கோயா ஆதார வைத்தியசாலை, நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலை, பதுளை, பேராதனை, கண்டி தேசிய வைத்தியசாலை ஆகியவற்றில் அரசாங்கச் சிகிச்சை இலவசம். ஒரு நாள் பேர் (சம்பளம்) போய்விடும் என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் விரல் வளைந்துபோன பிறகு இழக்கப்போவது ஒரு நாள் பேர் அல்ல.

குருதிச் சோதனைகளைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். உடலின் சொந்த உயிரணுக் கருவைக் குறிவைக்கும் எதிர்பொருளைத் தேடும் ஏ.என்.ஏ. என்ற சோதனை நேர்மறையாக வந்துவிட்டதாலேயே லூபஸ் என்று முடிவு கட்டக் கூடாது. குருதி நீரை 160 மடங்கு நீர்த்துப் பார்க்கும் 1:160 அளவில்கூட நலமாக இருப்பவர்களில் நூற்றுக்கு ஐந்து பேரளவில் அது நேர்மறையாக வரும், 1:40 அளவில் இன்னும் பலருக்கு வரும். அறிகுறியோடு சேர்த்துப் பார்த்தே வைத்தியர் முடிவு செய்வார். அடுத்தது, கோதுமையிலுள்ள புரதத்தால் கிளம்பும் சீலியாக் நோய் என்ற ஐயம் இருந்தால், சோதனை முடியும்வரை கோதுமை மாவை நிறுத்தக் கூடாது. நிறுத்திவிட்டால் குருதியிலுள்ள எதிர்பொருள் குறைந்து, நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரும். முதலில் கோதுமையை விடுங்கள் என்று சொல்லும் காணொளிகள் இந்த ஒரு செய்தியைச் சொல்வதே இல்லை.

இரண்டாம் படி: மருந்தை அறிந்து உட்கொள்ளுதல்

முழுமை நோக்குப் பராமரிப்பு என்று பேசத் தொடங்குபவர்கள் மருந்தைப் பற்றி ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். நான் இங்கேதான் நிற்க விரும்புகிறேன். ஏனெனில் மலையகத்தில் நோயாளருக்கு நேரும் கேடுகளில் பல, மருந்தால் அல்ல, மருந்தை விளங்கிக்கொள்ளாமல் எடுப்பதால் நேர்கின்றன. கிளினிக் கொப்பியில் எழுதப்பட்டிருப்பது ஆங்கிலம், விளக்குபவர் பேசுவது பெரும்பாலும் சிங்களம், கேட்பவருக்குத் தெரிந்தது தமிழ். ஆகவே ஒவ்வொரு குளிசையின் பெயர், எந்த நாள், எத்தனை என்பவற்றை வைத்தியசாலையை விட்டு வெளியேறுமுன் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொள்ளுங்கள். தமிழ் தெரிந்த தாதியிடமோ பாமசியில் இருப்பவரிடமோ கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

முடக்குவாதத்துக்குப் பரவலாகத் தரப்படும் மெத்தோட்ரெக்சேற் வாரத்துக்கு ஒரு முறை மட்டும் எடுக்கும் மருந்து. இதை நாள்தோறும் விழுங்கி உயிரிழந்தவர்கள் உலகெங்கும் உண்டு. வீட்டுக் கலண்டரில் ஒரு கிழமையைத் தேர்ந்தெடுத்து வட்டமிடுங்கள். அதன் பக்கவிளைவைக் குறைக்கத் தரும் ஃபோலிக் அசிட் குளிசைக்கு வேறொரு நாள். இம்மருந்து எடுப்பவருக்குச் சாராயம் கூடாது, ஈரலும் குருதிக் கலங்களும் குறித்த கால இடைவெளியில் சோதிக்கப்பட வேண்டும், சிறுநீர்த் தொற்றுக்கோ இருமலுக்கோ கோ-ட்ரைமொக்சசோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைச் சேர்த்து எடுக்கவே கூடாது. ஹைட்ரொக்சிக்குளோரோக்குயின் லூபஸ் நோயாளருக்கு உயிர்நாடியான மருந்து. நீண்டகாலம் எடுப்பவர்கள் கண்ணைச் சோதித்துக்கொள்ள வேண்டும், அந்தச் சோதனைக்குப் பயந்து மருந்தை விட வேண்டியதில்லை. அழற்சியை அடக்கும் பிரெட்னிசொலோன் போன்ற ஸ்டீரொயிட்டைச் சில வாரங்களுக்கு மேல் எடுத்தவர் அதைத் திடீரென நிறுத்தக் கூடாது. உடல் தானே சுரக்கும் ஸ்டீரொயிட் அந்நேரம் ஓய்ந்திருக்கும். நிறுத்தினால் வாந்தி, மயக்கம், குருதி அழுத்த வீழ்ச்சி என்று உயிராபத்து வரை போகலாம்.

ஸ்டீரொயிட் குறித்து மலையகத்தார் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி புழுவைப் பற்றியது. வெறுங்காலுடன் மண்ணில் நடப்பவர்களின் தோல் வழியாகப் புகும் ஸ்ட்ரொஞ்சிலொயிடிஸ் என்ற புழு, பல ஆண்டுகள் தொல்லை தராமல் குடலில் இருந்துவிட்டு, நோயெதிர்ப்பு அடக்கப்பட்டதும் உடலெங்கும் பரவி உயிரைக் குடிக்கக்கூடும். நீண்டகால ஸ்டீரொயிட் தொடங்குமுன், தோட்ட மண்ணில் வேலை செய்பவர் என்று சொல்லி, இதற்கான சோதனையோ மருந்தோ தேவையா என்று கேளுங்கள். முன்பு காசநோய் வந்திருந்தாலும், வீட்டில் யாருக்கேனும் வந்திருந்தாலும் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

தைரொயிட் குறைபாட்டுக்குத் தரும் தைரொக்சினை விடியற்காலைத் தேத்தண்ணியோடு விழுங்குவது இங்கே பரவலான பழக்கம். தேத்தண்ணியும் அதிலுள்ள பாலும் அம்மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கின்றன. கண் விழித்தவுடன் வெறுந்தண்ணீரில் குளிசையை எடுத்து, அடுப்பு மூட்டி, மற்ற வேலைகளைப் பார்த்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத் தேத்தண்ணி குடித்தால் போதும். இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். முடி உதிர்வுக்கென்று பயோட்டின் என்ற விற்றமின் எடுப்பவர்கள் குருதி கொடுப்பதற்குச் சில நாட்கள் முன்பே அதை நிறுத்த வேண்டும். அது தைரொயிட் முடிவைப் பொய்யாக்கிவிடும்.

மூன்றாம் படி: ஒரு கொப்பி

நாற்பது பக்கக் கொப்பி ஒன்று போதும். காலையில் விரல் மடங்க எவ்வளவு நேரம் ஆனது, வலி பத்துக்கு எத்தனை, என்ன சாப்பிட்டோம், எத்தனை மணி நேரம் உறங்கினோம், மழையில் நனைந்தோமா, வீட்டில் சண்டையா, மாதவிடாயா என்பவற்றை ஒவ்வோர் இரவும் இரண்டு வரியில் எழுதுங்கள். எழுதத் தெரியாதவருக்குப் பள்ளி செல்லும் பிள்ளை எழுதித் தரலாம். முதல் மூன்று வாரம் எதையும் மாற்றாமல் எழுதுவது மட்டுமே வேலை. இந்நோய்கள் தாமாகவே கூடிக் குறையும் இயல்பின. கூடியிருக்கும்போது எதைச் சாப்பிட்டாலும் அடுத்த வாரம் குறைந்துவிடும், குறைந்ததும் அதைச் சாப்பிட்டதால்தான் என்று மனம் நம்பிவிடும். பதிவு இல்லாமல் செய்யும் எந்த உணவு மாற்றத்தின் பலனையும் நம்புவதற்கில்லை.

நான்காம் படி: அடுப்படியில் செய்யக்கூடியது

இணையத்தில் பெரிதாகப் பேசப்படும் தன்னுடல் தாக்குநோய் உணவுமுறை, தானியம், பருப்பு, பால், முட்டை, கொட்டைகள், தக்காளி, மிளகாய், கத்தரி, உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் நீக்கச் சொல்கிறது. குடல் அழற்சி நோய் உள்ள 15 பேரிடம் 2017 இல் நடந்த சிறிய ஆய்வில் அதனால் பலருக்குக் குணம் தெரிந்தது உண்மை; ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு குழு அதில் இல்லை என்பதும் உண்மை. சோறு, ரொட்டி, பருப்பு, கிழங்கு, மிளகாய்ச் சம்பல் ஆகியவற்றில் வாழும் ஒரு குடும்பத்தில் இவற்றை நீக்கினால் தட்டில் மிஞ்சுவது என்ன? ஏற்கெனவே குருதிச்சோகையும் எடைக் குறைவும் உள்ள பெண்ணை இது இன்னும் மெலிய வைக்கும். அந்த உணவுமுறையை மலையகத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

செய்யக்கூடியது வேறு. முதலில் சீனி. மலையில் ஒரு நாளில் குடிக்கும் சாயத்தண்ணி ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி என்றால், மாலைக்குள் எவ்வளவு சேர்ந்துவிடும் என்று எண்ணிப் பாருங்கள். ஸ்டீரொயிட் எடுப்பவருக்கு நீரிழிவு எளிதில் வரும் என்பதால் இதைக் குறைப்பது இரட்டிப்பு அவசியம். வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்துக்கொண்டே வந்தால் நாக்கு பழகிவிடும். சாப்பாட்டோடு சேர்த்துத் தேத்தண்ணி குடிப்பதை ஒரு மணி நேரம் தள்ளி வைத்தால், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் கூடுதலாகச் சேரும். கீரைச் சுண்டலில் தேசிக்காய் பிழிவது அதற்கு மேலும் துணை.

அடுத்து மீன். நெத்தலி, சாளை போன்ற சிறு மீன்களிலும் ரின்மீனிலும் உள்ள ஒமேகா-3 கொழுப்பு மூட்டு அழற்சியைத் தணிக்கும் என்பதற்குச் சான்று நன்றாகவே உள்ளது. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை கிடைத்தால் நல்லது. நெத்தலிக் கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து இரண்டு தடவை கழுவினால் உப்பு குறையும். எலும்போடு சாப்பிட்டால் கல்சியமும் கிடைக்கும், ஸ்டீரொயிட்டால் தேயும் எலும்புக்கு அது வேண்டும். காய்கறிக்கு நாம் குறைபட வேண்டியதில்லை. கரட், லீக்ஸ், பீட்ரூட், கோவா, போஞ்சி எல்லாம் நம் மண்ணிலேயே விளைகின்றன, ஆனால் கொழும்புக்குப் போகும் லொறியில் ஏறுவதில் பாதிகூட நம் தட்டில் விழுவதில்லை. லயத்துக்குப் பின்னாலுள்ள சிறு தோட்டத்தில் வல்லாரை, பொன்னாங்காணி, ஒரு கோவாப் பாத்தி போடுவது விலை கொடுத்து வாங்கும் எந்தச் சத்துமாவையும் விட மேல்.

கோதுமையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சீலியாக் உறுதியானவர் கோதுமை, பாண், ரொட்டி, சேமியா அனைத்தையும் வாழ்நாள் முழுவதும் முற்றாக விட வேண்டும். ஒரே கல்லில் மற்றவர்களுக்குக் கோதுமை ரொட்டி சுட்டு, அதே கல்லில் அவருக்கு அரிசி மா ரொட்டி சுடுவதும் கூடாது. குரக்கன், அரிசி, மரவள்ளி, பலாக்காய், சோளம் ஆகியவை அவருக்கு உகந்தவை. சீலியாக் இல்லாத முடக்குவாத, லூபஸ் நோயாளர் எல்லோரும் கோதுமையை விட வேண்டும் என்பதற்குப் போதிய சான்று இல்லை. ஆயினும் ஒருவருக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை என்று கொப்பி காட்டினால், அந்த ஒரு பொருளை மட்டும் மூன்று நான்கு வாரம் நீக்கிப் பாருங்கள். பிறகு மூன்று நாட்கள் தொடர்ந்து சாப்பிட்டுப் பாருங்கள். மீண்டும் கூடினால் இன்னொரு முறை செய்து உறுதி செய்யலாம், கூடாவிட்டால் தயங்காமல் பழையபடி சாப்பிடலாம். ஒரு தடவைக்கு ஒரு பொருள் என்பதே விதி. தக்காளி, கத்தரி போன்றவற்றின் மீது ஐயம் உள்ளவர்களுக்கும் இதே முறைதான்.

ஹஷிமோட்டோ நோயாளர் கடற்பாசித் தூள், அயடின் துளி போன்றவற்றை வாங்கக் கூடாது. இலங்கையில் 1990களின் நடுப்பகுதியிலிருந்து உப்புக்கு அயடின் சேர்க்கப்படுகிறது. அதற்கு மேல் அளவு மீறிச் சேரும் அயடின் இந்நோயைக் கூட்டவே செய்யும்.

ஐந்தாம் படி: குடலும் ஈறும்

குடற்சுவரின் இணைப்புகள் தளர்ந்து, உள்ளே இருக்க வேண்டியவை குருதிக்குள் கசிந்து, நோயெதிர்ப்பைத் தூண்டுகின்றன என்ற கருத்தைச் செயற்பாட்டு மருத்துவர்கள் மையமாக வைக்கிறார்கள். சீலியாக் நோயில் இது நன்கு ஆராயப்பட்ட உண்மை. அலெசியோ ஃபசானோ குழுவினர் 2000 ஆம் ஆண்டு அந்த இணைப்புகளைத் தளர்த்தும் சொனுலின் என்ற புரதத்தைப் பற்றி எழுதிய பிறகு ஆய்வு வேகம் பிடித்தது. மற்ற நோய்களில் அது காரணமா விளைவா என்பது இன்னும் தீரவில்லை. குடலை அடைக்கும் தூள் என்று விற்கப்படுவதற்கு அந்த ஆய்வுகள் உத்தரவாதம் தரவில்லை. ஆனால் நொதித்த உணவைப் பற்றி நம்பிக்கையோடு பேசலாம். நலமான 36 பேரிடம் பத்து வாரம் நடத்தி 2021 இல் வெளியான ஆய்வில், நொதித்த உணவு கூடுதலாக உண்டவர்களின் குடல் நுண்ணுயிர் வகைகள் பெருகி, அழற்சிக் குறிகள் பல குறைந்தன. தயிர், மோர், முந்திய இரவு தண்ணீர் ஊற்றிய பழஞ்சோறு ஆகியவை நம் வீட்டிலேயே உள்ளவை. தோசையும் அப்பமும் நொதித்த மாவில் செய்தவைதாம் என்றாலும் சுடும்போது அந்த நுண்ணுயிர்கள் இறந்துவிடும். நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து எடுப்பவர் பழஞ்சோற்றுக்குக் கொதித்தாறிய தண்ணீரையே பயன்படுத்த வேண்டும், மலையிலிருந்து வரும் பீலித் தண்ணீரை அப்படியே குடிக்கக் கூடாது, பச்சை வல்லாரைச் சம்பலுக்கு இலையைப் பல தடவை அலச வேண்டும்.

குடலைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள் வாயைப் பற்றிப் பேசுவதில்லை. ஈறு நோயை உண்டாக்கும் ஒரு பற்றீரியா, உடற்புரதத்தை மாற்றி முடக்குவாதத்தைத் தூண்டும் எதிர்பொருள் உருவாக வழிசெய்கிறது என்பதற்கு வலுவான ஆய்வுகள் உள்ளன. புகைபிடித்தலோ அந்த நோய் வரும் ஆபத்தைக் கூட்டுவதோடு மருந்தின் பலனையும் குறைக்கிறது. வெற்றிலையோடு புகையிலை மெல்லும் பழக்கம் ஈற்றையும் வாயையும் அழிக்கிறது. குளிரில் வாய்க்கு இதமாக இருக்கிறது, பசியை அடக்குகிறது என்று பெண்கள் சொல்வதை நான் மதிக்கிறேன். ஆனால் மூட்டு வலிக்காரர் முதலில் விட வேண்டியது கோதுமையை அல்ல, புகையிலையைத்தான். இரவில் படுக்குமுன் பல் துலக்குவதும், ஈறு இரத்தம் கசிந்தால் அரசாங்கப் பல் வைத்திய நிலையத்துக்குப் போவதும் முடக்குவாதச் சிகிச்சையின் பகுதிகளே.

ஆறாம் படி: குளிரும் வெயிலும்

மூடுபனியில் விரல்கள் முதலில் சுண்ணாம்பு போல வெளிறி, பிறகு நீலமாகி, சூடேறும்போது சிவந்து குத்தினால், அது ரேனோ நிலை. லூபஸ், தோல் இறுகும் ஸ்க்லரோடேர்மா ஆகியவற்றோடு சேர்ந்து வரக்கூடியது. கை மட்டுமல்ல, மார்பும் தலையும் கதகதப்பாக இருந்தால்தான் விரலுக்குக் குருதி போகும். ஆகவே உள்ளே ஒரு கம்பளி, தலைக்குத் துணி, ஈரமானால் மாற்ற இன்னொரு சோடிக் கையுறை. உணர்வு குறைந்த விரலை அடுப்பு நெருப்பில் காட்ட வேண்டாம், புண்ணாகிவிடும்; வெதுவெதுப்பான நீரில் வைத்தால் போதும்.

லூபஸ் உள்ளவருக்கு வெயில் நோயைக் கிளப்பும். குளிராக இருப்பதால் வெயில் இல்லை என்று எண்ணுவது மலைநாட்டில் பெரும் தவறு. உயரம் ஆயிரம் மீற்றர் கூடும்போது புறஊதாக் கதிர் பத்து விழுக்காடளவு கூடுகிறது. நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றரில் இருக்கிறது, மெல்லிய முகில் அக்கதிரின் பெரும்பகுதியைத் தடுக்காது. நீண்ட கை, அகன்ற தொப்பி, முகத்துக்கு நிழல் ஆகியவை கட்டாயம். வெயிலைத் தவிர்ப்பவருக்கு விற்றமின் டி குறையலாம் என்பதால் கிளினிக்கில் அதைக் கேட்க வேண்டும். அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடந்து 2022 இல் முடிவு வெளியான ஆய்வில், நாள்தோறும் 2,000 அலகு விற்றமின் டி எடுத்தவர்களுக்கு ஐந்து ஆண்டுகளில் தன்னுடல் தாக்குநோய் புதிதாக வருவது 22 விழுக்காடு குறைந்தது. வந்துவிட்ட நோயை அது குணமாக்கும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

பூச்சிமருந்து தெளிப்பவர்கள், கல் உடைக்கும் இடத்தில் சிலிக்காத் தூசியைச் சுவாசிப்பவர்கள் ஆகியோருக்கும் இந்நோய்களின் ஆபத்து கூடுதல். நோயாளர் இருக்கும் வீட்டில் அந்த வேலை உடுப்பைத் தனியாகத் துவையுங்கள், முடிந்தால் வேலையை மாற்றித் தரும்படி வைத்தியரின் கடிதத்தோடு கேளுங்கள்.

ஏழாம் படி: உறக்கம், அசைவு, மனம்

மன உளைச்சலை நோய்க்குக் காரணமாகச் சொல்வது பழிபோடுவது போலத் தோன்றலாம், ஆனால் தொடர்பு உண்மையானது. சுவீடனில் மன அழுத்த நோய்கள் கண்டறியப்பட்ட 1,06,464 பேரைத் தொடர்ந்து 2018 இல் வெளியான ஆய்வு, அவர்களுக்குப் பின்னாளில் தன்னுடல் தாக்குநோய் கூடுதலாக வந்ததைக் காட்டியது. ஒரே காம்பராவில் ஆறு பேர் படுக்கும் வீட்டில் தனியறை உறக்கம் பற்றி அறிவுரை சொல்லிப் பயனில்லை. நோயாளர் படுத்த பின் தொலைக்காட்சியை நிறுத்துவது, விடியற்காலைச் சமையலைக் கணவரும் பெரிய பிள்ளைகளும் பகிர்வது, அவர் தண்ணீர்க் குடம் தூக்காமல் பார்த்துக்கொள்வது ஆகியவை வீட்டார் செய்யக்கூடிய சிகிச்சை. சோம்பல் என்று சொல்லாமல் இருப்பதும் சிகிச்சையே.

மூட்டு சூடாக வீங்கியிருக்கும் நாட்களில் அதற்கு ஓய்வும் குளிர்ந்த துணியும், தணிந்த நாட்களில் காலையில் வெதுவெதுப்பான நீரில் விரலை மடக்கி நீட்டும் பயிற்சியும் தேவை. மெதுவான நடை, யோகாசனம், மூச்சுப் பயிற்சி ஆகியவை களைப்பைக் குறைக்கின்றன. கழுத்து மூட்டில் முடக்குவாதம் உள்ளவர் தலைகீழ் ஆசனங்களையும் கழுத்தை நொடிக்கும் வைத்தியத்தையும் தவிர்க்க வேண்டும்.

எட்டாம் படி: மூலிகையும் நாட்டு வைத்தியமும்

நம் பாட்டிமாரின் கைவைத்தியத்தை நான் மதிக்கிறேன். கொத்தமல்லிக் குடிநீர், இஞ்சி, சமையலில் சேரும் மஞ்சள், தணிந்த மூட்டுக்கு எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஒத்தடம் ஆகியவற்றால் கேடில்லை, இதமும் உண்டு. ஆனால் இந்நோயில் எதிர்ப்புச் சக்தி குறைந்துபோகவில்லை, திசை மாறியிருக்கிறது. அதைத் தூண்டும் மூலிகை நோயைக் கிளப்பக்கூடும். சிங்களத்தில் ரசகிந்த எனப்படும் சீந்திலைக் கொரோனாக் காலத்தில் பலரும் கசாயமாகக் குடித்தார்கள். இந்தியாவில் பல வைத்தியசாலைகள் சேர்ந்து ஆராய்ந்த 43 நோயாளரில், சீந்தில் எடுத்த பின் தன்னுடல் தாக்குநோயை ஒத்த ஈரல் அழற்சி காணப்பட்டது. தைரொயிட் போன்ற தன்னுடல் தாக்குநோய் முன்பே இருந்தவர்களும் அவர்களில் இருந்தனர். ஆகவே இந்நோயாளர் சீந்திலைத் தவிர்ப்பதே நல்லது. ஈசுரமூலி, சிங்களத்தில் சப்சந்த, அரிஸ்டொலோகியா இனத்தைச் சேர்ந்தது. அந்த இனத்திலுள்ள அமிலம் சிறுநீரகத்தை அழித்துப் புற்றுநோயையும் உண்டாக்கும். மஞ்சளைக் கூட, மிளகுச் சாறு சேர்த்து அடைத்த குளிசையாக எடுத்தவர்களுக்கு ஈரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. கறியில் போடும் மஞ்சள் வேறு, குளிசை வேறு.

பெயரில்லாத பொட்டலத்தில் வரும் வாதக் குளிசைகளைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டே நாளில் வலி பறந்து, பசி கூடி, சில வாரங்களில் முகம் உருண்டையாகி, கால் வீங்கினால், அதனுள் ஸ்டீரொயிட் கலந்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும். அதையும் திடீரென நிறுத்தாமல், பொட்டலத்தோடு வைத்தியரிடம் போங்கள். சித்த, ஆயுர்வேத சிகிச்சை விரும்புவோர், 1961 ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற வைத்தியரிடம் மட்டும், கிளினிக் கொப்பியைக் காட்டி, பாதரசம், ஈயம் சேர்ந்த மருந்து வேண்டாம் என்று சொல்லிப் பெற வேண்டும். குருதியை வெளிநாட்டுக்கு அனுப்பி நூறு உணவுகளுக்கு ஒவ்வாமை பார்க்கும் ஐ.ஜி.ஜி. சோதனைக்கு ஒரு சதமும் செலவழிக்காதீர்கள்; நாம் அடிக்கடி உண்பதைத்தான் அது காட்டும், நமக்கு ஒவ்வாததை அல்ல.

ஒன்பதாம் படி: கருவுறுதலும் அவசர நிலையும்

குழந்தை வேண்டும் என்ற எண்ணம் வந்தவுடனேயே, கருவுறுமுன், கிளினிக்கில் சொல்லுங்கள். மெத்தோட்ரெக்சேற், லெஃப்லூனமைட், மைக்கோஃபினொலேற் ஆகிய நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகள் கருவுக்கு ஆபத்தானவை. ஹைட்ரொக்சிக்குளோரோக்குயினைத் தொடர்வதே தாய்க்கும் சேய்க்கும் நல்லது. நோய் ஆறு மாதமாவது தணிந்திருந்து கருவுற்றால் பிரசவம் பெரும்பாலும் நன்றாக அமைகிறது. மாமியாருக்கும் கணவருக்கும் இதைச் சேர்த்து விளக்கும்படி குடும்ப நல மாதுவைக் கேட்கலாம்.

நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து எடுப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் பனடோலோடு இரண்டு நாள் காத்திருக்கக் கூடாது. வாயெல்லாம் புண், தொண்டை நோவு, காரணமில்லாத கண்டல், சிறுநீர் குறைந்து முகமும் காலும் வீங்குதல், மூச்சு வாங்குதல், நெஞ்சு வலி, வலிப்பு, திடீரெனப் பார்வை மங்குதல், மஞ்சள் கண் ஆகிய எது வந்தாலும் அன்றே வைத்தியசாலை. இரவில், தோட்டத்து வாகனம் கிடைக்காத நேரத்தில், 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். தோட்டத்தின் பெயர், டிவிசன், லயத்தின் இலக்கம், வாகனம் எதுவரை வர முடியும் என்பவற்றை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள். கிளினிக் கொப்பியும் மருந்துகளின் தாளும் எப்போதும் ஒரே பையில் இருக்கட்டும். ஸ்டீரொயிட் எடுப்பவர் என்றால், வாட்டில் முதலில் பார்க்கும் வைத்தியரிடம் முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான்.